மலைக்கு எத்தனை நாற்காலி?

(ஏற்காடு மலை ஊராட்சி ஒன்றின் முன்னாள் வார்டு உறுப்பினர், சேலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

காலையில் குப்பனூர் வழியாக மலையிறங்கி வந்தேன். கூட்டத்துக்கு நேரமிருந்ததால் சுகவனேசுவரர் கோயில் பக்கம் போய், திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் கொஞ்சம் நின்றேன். நிற்க முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர், அதன்மேல் பாலிதீன் பைகள். அது எங்கள் சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு. சரபங்கா நதியும் அங்கேதான் பிறக்கிறது. அரூர்ப் பக்கம் போகிற வாணியாறும் எங்கள் மலையுடையதுதான்.

மேலே கிராம ஊராட்சி, நடுவே மாநகராட்சி, அதற்குக் கீழே மறுபடியும் ஊராட்சிகளும் பேரூராட்சிகளும். ஓர் ஆறு, இத்தனை நிர்வாகம். இவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த ஆற்றைப் பற்றிப் பேச அரசமைப்புச் சட்டம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிற இடம் மாவட்டத் திட்டக்குழு. 74-ஆவது திருத்தத்தில் வந்தது, 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, பிரிவு 243-இசட்-டி. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடுகிற திட்டங்களை ஒன்றுசேர்த்து மாவட்டத்துக்கு ஒரே வரைவுத் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. அப்படித் தயாரிக்கும்போது தண்ணீரைப் பங்கிடுவதையும் சுற்றுச்சூழலைக் காப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

அந்த மேசையைச் சுற்றி யார் உட்காரலாம் என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன். உறுப்பினர் விதி என்றாலே பலருக்குக் கொட்டாவி வரும். தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். எங்கள் ஊர்க் குடிநீர் ஊற்று அந்த விதிக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

குழுவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும். 20 பேர் குழு என்றால் 16 பேர். அந்த 16 பேரும் மாவட்டத்தின் கிராமப்புற, நகர்ப்புற மக்கள்தொகை விகிதப்படி பிரிவார்கள். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 34.82 லட்சம் பேர். அதில் பாதிக்குச் சற்று மேல் நகர்ப்புறம். ஆக, கிராமத்துக்கு எட்டு, நகரத்துக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குக் குறையில்லை, நியாயமான கணக்கு.

குறை அடுத்த படியில் வருகிறது. நகரத்துக்கான இடங்களுக்கு மாநகராட்சியின் 60 கவுன்சிலர்களும், நகராட்சி, பேரூராட்சிக் கவுன்சிலர்களும் நிற்கலாம், ஓட்டுப் போடலாம். கிராமத்துக்கான இடங்களுக்கு, மாவட்டம் முழுக்கக் கிராமப்புறத்துக்கென்று உள்ள மாவட்ட ஊராட்சியின் 29 வார்டு உறுப்பினர்கள் மட்டும்தான். எங்கள் பதவிக்காலத்தில் இந்த மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 385. அந்த 385 தலைவர்களில் ஒருவருக்குக்கூட அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஒரு சின்னப் பேரூராட்சியின் வார்டு கவுன்சிலர் திட்டக்குழுவுக்குப் போகலாம். ஏரியும் படகும், சீசனில் ஆயிரமாயிரம் வண்டியும் வந்து நிற்கிற ஏற்காடு, எங்கள் பதவிக்காலத்தில் சட்டப்படி கிராம ஊராட்சியாகத்தான் இருந்தது. அதன் தலைவர் போக முடியவில்லை. தலைக்கணக்குப் பார்த்தால், 29 பேரில் மலைக்காரர் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம்.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். 2022 அக்டோபர் 2, கிராம சபை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் சமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். எங்கள் ஊர் ஊற்றுக்கு மேல்பக்கம், புதிதாக வந்த தங்கும் விடுதிகள் போர் போட்டுக்கொண்டே போகின்றன. மாசி, பங்குனியில் ஊற்று வாய் ஈரமாக இருக்கும், குடம் நிறையாது. எங்கள் மலைப் பழங்குடியான மலையாளி இனத்து அம்மா ஒருவர் எழுந்து, "எனக்குக் குழாய் வேண்டாம், அந்த இடத்தைத் தோண்டாமல் விட்டால் போதும்" என்றார். ஏழாவது தீர்மானமாக எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், கைநாட்டு வைத்தோம்.

பிறகு அதை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் படிவத்தில் சாலைக்குக் கட்டம் இருக்கிறது, தெருவிளக்குக்கு இருக்கிறது, தொட்டிக்கு இருக்கிறது. "தோண்டாமல் விடுங்கள்" என்பதற்குக் கட்டம் இல்லை. 'இதர பணிகள்' என்ற இடத்தில் எழுதினார்கள். மேலிருந்து திரும்பி வந்த பட்டியலில் அந்த இடத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. தீர்மானம் போட்டவர்களில் ஒருவராவது மாவட்ட மேசையில் இருந்திருந்தால், "இது தொட்டிக் கதை இல்லை ஐயா" என்று அங்கேயே சொல்லியிருப்பார். சொல்ல ஆள் இல்லை.

தேர்தலே நடக்காத காலம் இன்னும் மோசம். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை உள்ளாட்சித் தேர்தல் இல்லை. பிறகு வந்த எங்கள் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, எங்கள் இடத்துக்கு அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். மாநகராட்சிக்கு 2022-இல்தான் தேர்தல் நடந்ததால் அங்கே கவுன்சிலர்கள் இருந்தார்கள். நம் மாநிலச் சட்டப்படி திட்டக்குழுவின் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர், துணைத்தலைவர் கலெக்டர். மாவட்ட ஊராட்சி காலியானால் குழுவின் தலைமை நாற்காலியும் காலி, கிராமத்து நாற்காலிகளும் காலி. விகிதம், ஐந்தில் நான்கு எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? கிராமத்து இடங்களுக்கு மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்திலேயே இருப்பது, அதை நாம் இங்கே மாற்ற முடியாது. ஆனால் மீதி ஐந்தில் ஒரு பங்கு யாருக்கு என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யலாம். கேரளத்தில் 15 பேர் குழு, 12 பேர் தேர்தலில் வருகிறவர்கள். மீதியில் ஓர் இடத்தைத் திட்டமிடல் தெரிந்த ஒருவருக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதேபோல இங்கே மலைப்பகுதி உள்ள மாவட்டங்களில் ஓர் இடத்தை மலை ஊராட்சித் தலைவர் ஒருவருக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். அடுத்த வரி, அதே அழுத்தத்தோடு: உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள பகுதியைப் பெருநகரப் பகுதி என்று அறிவித்தால், அதற்குத் தனித் திட்டக்குழு வரும். 2011-இல் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 8.29 லட்சம் பேர். அக்கம்பக்கத்தைச் சேர்த்தால் அந்த நாள் தூரத்தில் இல்லை. அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அந்தத் தேர்தலில் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஓட்டு உண்டு. எல்லைக்கோட்டை எங்கே போடுவார்கள் என்பதுதான் கேள்வி. அடிவாரத்தோடு நிறுத்தினால் ஆறு ஒரு குழுவில், ஊற்று இன்னொரு குழுவில். கோடு போடும்போது வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏழாவது தீர்மானத்தின் நகலைக் கொண்டு வந்திருக்கிறேன். தலைவர் மேசையில் வைக்கிறேன். கைநாட்டுகள் சில மங்கியிருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.