ஜிப்சம் கேட்கவில்லை, சுண்ணாம்பு கேட்டேன்

வணக்கம், வணக்கம். இன்றைக்குக் கேமராவைப் பாத்தியில் வைக்காமல் திண்ணையில் வைத்திருக்கிறேன், முதலில் இந்த மூட்டையை உங்களுக்குக் காட்டிவிட வேண்டும். பாருங்கள். டோலமைட், மண்ணின் அமிலத்தை முறிக்கப் போடுகிற கல் தூள். இதற்காக எட்டு நாள், நான்கு கடை, நடுவில் ஒரு தடவை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் போய் வெறுங்கையோடு திரும்பினேன். கிடைத்துவிட்டது, ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைகளில் பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பீட்ரூட் வீடியோ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இலை தளதளவென்று வந்தது, பிடுங்கினால் கிழங்கு நெல்லிக்காய் அளவு. முட்டைக்கோஸ் பாத்தியில் மதியமானால் செடி துவண்டு நின்றது, பிடுங்கினால் வேரெல்லாம் இஞ்சி மாதிரி முண்டு முண்டாக வீங்கி இருந்ததே, அதையும் காட்டினேன். எரு போடுங்கள், இன்னும் எரு போடுங்கள் என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். எருவில் குறை வைக்கவில்லை. மண்ணை ஊட்டியில் பரிசோதனைக்குக் கொடுத்தேன், பிஎச் 4.8 என்று வந்தது. பிஎச் என்பது மண்ணின் புளிப்பைக் காட்டுகிற அளவு, 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுதல் என்று அர்த்தம். பீட்ரூட்டுக்கு 6க்கு மேல் வேண்டும். முட்டைக்கோஸில் வந்த அந்த வேர்வீக்கம் கிளப்ரூட், அது அமில மண்ணில்தான் கொழுக்கும், பிஎச் 7ஐத் தாண்டினால் நன்றாக அடங்கும்.

எங்கள் மலையில் இது அதிசயம் இல்லை. இரண்டு பருவமழையும் கொட்டுகிறது, மண்ணில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. இந்த இடம் முன்பு தேயிலை வேறு, வருஷக்கணக்கில் அம்மோனியம் உரம் வாங்கிய மண், அதுவும் சேர்ந்து புளிக்க வைத்திருக்கிறது. அமிலத்தை முறிக்கச் சென்டுக்கு 8 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் போடுங்கள், ஒரே தடவையில் அதற்கு மேல் வேண்டாம் என்று மண் பரிசோதித்த இடத்தில் சொன்னார்கள். எனக்கு மூன்று சென்ட், ஆக 24 கிலோ. இது ஒரு பெரிய விஷயமா, போனோம் வாங்கினோம் என்று வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

முதல் கடையில் சுண்ணாம்பு என்றதும் வெள்ளையடிக்கிற சுண்ணாம்பை எடுத்து வைத்தார்கள். அது சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. அமிலத்தை முறிக்கும், முறிக்காமல் இல்லை, சுண்ணாம்புக்கல் 100 பங்கு செய்கிற வேலையை இது ஏறக்குறைய 135 பங்கு செய்யும், அதுவும் சட்டென்று செய்யும். அதனால்தான் எனக்குப் பயம். கை கொஞ்சம் கூடினால் மண் மறுபக்கம் சாய்ந்துவிடும், இலையில் பட்டால் கருகும், கையிலேயே எரியும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு வருத்தமே இல்லை, கேட்ட பெயருக்கு உள்ள பொருளைத்தான் கொடுத்தார்.

இரண்டாவது கடைதான். உரக்கடை. விவசாயத்துக்குப் போடுகிற சுண்ணாம்பு, மண் அமிலத்துக்கு என்று தெளிவாகச் சொன்னேன். உள்ளே போய் ஒரு பாக்கெட் கொண்டுவந்தார், மேலே பெரிதாக ஜிப்சம் என்று இருக்கிறது. அண்ணா, இது ஜிப்சம் என்கிறேன். "இதுவும் கால்சியம்தானுங்க அக்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். ஒன்று இல்லை! ஐந்து கிலோ 180 ரூபாய் என்று பில்லும் போட ஆரம்பித்துவிட்டார். தெரியாத ஒருவர் அதை வாங்கிப் போய் மண்ணில் கலந்து, ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து, மறுபடியும் நெல்லிக்காய் பீட்ரூட்டைப் பிடுங்கிப் பார்த்தால் அவர் மனசு என்ன பாடுபடும்? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். சுண்ணாம்புக்கல் தூளில் அமிலத்தை முறிப்பது கால்சியம் இல்லை, அதோடு ஒட்டியிருக்கிற கார்பனேட். சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட், டோலமைட் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட். ஜிப்சம் கால்சியம் சல்பேட், அதில் கார்பனேட்டே கிடையாது, மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பிஎச் ஏறாது. ஜிப்சம் மட்டம் என்று சொல்லவில்லை, கீழே சமவெளியில் நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போடுகிறார்கள், களர் நிலத்தையும் அதை வைத்துத்தான் திருத்துகிறார்கள். அது அந்த மண்ணுக்கு மருந்து, என் மண்ணுக்கு இல்லை.

சரி, மேட்டுப்பாளையத்தில் என்ன ஆயிற்று என்றால், அங்கே சுண்ணாம்புக்கல் கிடைத்தது, ஆனால் ரவையை விடப் பெரிய குருணை. அது கரைந்து வேலை செய்வதற்குள் என் முட்டைக்கோஸ் இரண்டு பருவம் போய்விடும். விரலில் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்ட வேண்டும், அப்போதுதான் வாங்குங்கள். பஸ் காசு போனதுதான் மிச்சம்.

அன்று ராத்திரி ஆன்லைனில் பார்த்தேன். ஒரு கிலோ டோலமைட் 165 ரூபாய்! 24 கிலோவுக்கு 3,960 ரூபாய். கல்லை அரைத்த தூள், அதற்கு நான்காயிரமா? பாக்கெட்டில் அழகாகத் தக்காளிப் படம் போட்டிருந்தார்கள். தக்காளிப் படத்துக்கு நான் காசு கொடுக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார், போன வீடியோவில் பீன்ஸ் விதை கொடுத்தாரே, அவர்தான். "சுண்ணாம்புன்னு ஏன் கேக்கறே, தேயிலைக்குப் போடற டோலமைட்டுன்னு கேளு" என்றார். அவ்வளவுதான் விஷயம்! தேயிலையே அமில மண் செடிதான், இருந்தாலும் பிஎச் ரொம்பவும் இறங்கினால் அதுவும் தாங்காது, அதனால் கவாத்து சமயத்தில் தோட்டங்களில் டோலமைட் போடுவது வழக்கம். சிறு விவசாயிகள் உரம் எடுக்கிற ஒரு கடைக்குப் போய் அதே வார்த்தையைச் சொன்னேன், பெரியவர் ஒருவர் மறுபேச்சு இல்லாமல் குடோனைத் திறந்தார். 50 கிலோ மூட்டை 420 ரூபாய். கிலோ 8 ரூபாய் 40 காசு. 165 எங்கே, 8.40 எங்கே! அக்காவும் நானும் பாதிப் பாதி, ஆளுக்கு 210 ரூபாய், ஆட்டோவுக்கு 150, அதிலும் பாதி. நேற்றிலிருந்து எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இந்த மூன்று தட்டைப் பாருங்கள், கிட்டே கொண்டுவருகிறேன். முதல் தட்டில் ஜிப்சம், கடையில் கேட்டு ஒரு பிடி வாங்கி வந்தேன். வினிகர் ஊற்றுகிறேன். ஒன்றும் இல்லை, சும்மா ஈரமாகிறது. இது கோலமாவுக் கடையில் வாங்கிய சுண்ணாம்புக்கல் தூள். கேட்கிறதா? சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு வருகிறது. கார்பனேட் இருக்கிறது என்று அதுவே சொல்கிறது. மூன்றாவது நம் டோலமைட். உடனே பொங்காது, பொறுங்கள், வினிகரை லேசாகச் சுட வைத்திருக்கிறேன்... ஓரத்தில் பாருங்கள், கடுகை விடச் சின்னக் குமிழி, ஒன்று, இரண்டு, இப்போது வரிசையாக வருகிறது. டோலமைட் இப்படித்தான், மெதுவாகத்தான் நுரைக்கும், போலி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பைக் கண்டுபிடிக்க மஞ்சள் தண்ணீர் போதும், ஆரத்தி மாதிரி குப்பென்று சிவந்துவிடும்.

ஐயோ, ஒன்று தப்பாகச் சொல்லிவிட்டேன். மூன்று சென்ட், 24 கிலோ என்றேன் இல்லையா, அதில் உருளைக்கிழங்கு இருக்கிற அரை சென்டைக் கழித்துவிடுங்கள். அங்கே சுண்ணாம்பு போட்டால் கிழங்குத் தோல் சொரசொரவென்று சொறி பிடிக்கும். ஆக 20 கிலோதான், 5 கிலோ மிச்சம். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நீல ஹைட்ரேஞ்சியாவையும் தொட மாட்டேன். அமில மண்ணில் அலுமினியத்தை எடுத்துத்தான் அந்த நீலம் வருகிறது, சுண்ணாம்பு போட்டால் ரோஸ் ஆகிவிடும். அந்த நீலத்துக்காகத்தான் இந்த வீட்டையே எடுத்தேன்.

மற்ற பாத்திகளில் காற்றில்லாத நேரமாகப் பார்த்துத் தூவி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலக்கப் போகிறேன். யூரியாவோ பச்சைச் சாணமோ இதோடு சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூன்று நான்கு வாரம் கழித்து நடவு. ஆறு மாதம் போனதும் மறுபடியும் மண்ணை ஊட்டிக்குக் கொண்டுபோவேன், என்ன நம்பர் வந்தாலும் காட்டுகிறேன்.

பீன்ஸில் அடி இலை நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் மஞ்சளாக இருந்ததே, அது மெக்னீசியக் குறை, அதற்கும் இந்த டோலமைட்டே சேர்ந்துவிடும், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தூறல் விழுகிறது, மூட்டை நனைந்தால் கட்டி தட்டிவிடும், உள்ளே எடுத்து வைத்துவிட்டு வருகிறேன்.