வருத்தம் இல்லாதபோது வர வேண்டிய கிளினிக்

(இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் நடந்த மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரத் தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் கதவோரம் நிற்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். தலைப்பைக் கேட்டதும் தம்பிமார் மெல்ல நழுவப் பார்க்கிறீர்கள். போக வேண்டாம். நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்குத்தான்.

கருப்பையின் அடிப்பகுதி, யோனிக்குள் இறங்கி நிற்கிற வாசல், அதைத்தான் கருப்பைக் கழுத்து என்கிறோம். அங்கே வருகிற புற்றுநோய் 2022இல் மட்டும் உலகத்தில் சுமார் 660,000 பெண்களைப் பிடித்தது. சுமார் 350,000 பேர் செத்தார்கள். எனக்குக் கோபம் வருவது இந்தத் தொகையைப் பார்த்து இல்லை. புற்றுநோய்களில் காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, வருவதற்கு முன்பே மறிக்கக்கூடியது என்றால் முதல் வரிசையில் இதுதான் நிற்கிறது. அப்படியிருந்தும் செத்தார்கள் என்பதுதான் கோபம்.

1842இல் இத்தாலியின் வெரோனா நகரத்தில் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற வைத்தியர் இறப்புப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். கன்னியாஸ்திரிகளிடம் கருப்பைப் புற்றுநோய் மிகக் குறைவு, மணமான பெண்களிடம் அதிகம் என்று கண்டார். உடலுறவோடு ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற சந்தேகம் அன்றைக்கே வந்துவிட்டது. காரணம் ஒரு வைரஸ் என்று பிடிபட நூற்று நாற்பது வருடம் ஆனது. ஜெர்மனியின் ஹரால்ட் ட்ஸூர் ஹவுசன் 1983இல் புற்றுக் கட்டியிலிருந்தே மனித பப்பிலோமா வைரஸின், சுருக்கமாக எச்.பி.வி.யின், 16ஆம் வகையைப் பிரித்துக் காட்டினார். அடுத்த வருடம் 18. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது பங்கு இந்த 16, 18 இரண்டும் செய்கிற வேலை.

சரி, வைரஸ் ஒட்டினால் புற்றுநோயா? இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்குத்தான் அது போகாமல் உள்ளேயே குடியிருக்கும். அப்படிக் குடியிருந்தால் அங்குள்ள கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். புற்றுநோய் என்ற இடத்துக்கு வந்து சேரப் பொதுவாக 15, 20 வருடம் எடுக்கும். எச்.ஐ.வி. போன்றவற்றால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது 5, 10 வருடமாகச் சுருங்கலாம்.

அந்த 15 வருடம்தான் நம்முடைய கையில் இருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் நோவு இருக்காது, இரத்தம் போகாது, சாதாரணமாகச் சமைப்பீர்கள், வயலுக்குப் போவீர்கள். உறவுக்குப் பிறகு இரத்தம் படுவது, மாதவிலக்கு நின்றபின் மறுபடி படுவது, நாற்றத்தோடு வெள்ளைபடுவது எல்லாம் பெரும்பாலும் பிந்தி வருகிற அறிகுறிகள். அவை வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் இன்று கதைப்பது, ஒரு வருத்தமும் இல்லாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களோடு.

நமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக், அதாவது சுகமாக இருக்கிற பெண்களைப் பரிசோதிக்கிற கிளினிக், 1996இல் தொடங்கியது. உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கிறது, சல்லிக் காசு தேவையில்லை. 35 வயதிலும் 45 வயதிலும் வரச் சொல்வார்கள். அங்கே எடுப்பது பப் பரிசோதனை, கலங்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது. இப்போது வைரஸையே தேடுகிற டி.என்.ஏ. பரிசோதனையும் சேர்ந்து வருகிறது. இந்தப் பப் என்ற பெயர் பப்பனிகொலாவு என்ற கிரேக்க வைத்தியருடையது. அவர் ஆராய்ச்சி செய்த காலத்தில் தன்னையே சோதனைக்குக் கொடுத்தது அவருடைய மனைவி. பெயர் மட்டும் கணவருக்குப் போய்விட்டது!

பரிசோதனை சில நிமிட வேலை. ஒரு கருவியை வைத்து விரித்து, கழுத்துப் பகுதியில் மெல்லத் தடவிக் கலங்களை எடுப்பார்கள். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாளும் உறவு வேண்டாம், உள்ளே வைக்கிற மருந்தும் வேண்டாம்.

இவ்வளவு லேசான விஷயத்துக்கு ஏன் வருவதில்லை? வீடுவீடாகப் போகிற மிட்வைஃப் மிஸ்மாரைக் கேட்டுப் பாருங்கள். அதிகம் கேட்கிற பதில், “அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் மிஸ்.” எனக்கு இது விளங்குவதே இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். குடி என்கிற வம்சப் பெயர்கூடத் தாய் வழியில் வருகிறது. காணி உறுதியைத் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிற அக்கா, தன் உடம்பைப் பரிசோதிக்க இன்னொருவரிடம் கேட்க வேண்டுமா?

இன்னொரு பதிலும் உண்டு. “அவர் போய் எத்தனையோ வருடம், எனக்கு எதற்கு மிஸ் இந்தப் பரிசோதனை?” சண்டையிலும் சுனாமியிலும் கணவனை இழந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்குச் சொல்கிறேன், கணவன் இருந்த காலத்தில் ஒட்டிய வைரஸ் அவர் போன பிறகும் உள்ளே இருக்கலாம். நான் கணக்குச் சொன்ன 15, 20 வருடம் சிலருக்கு இப்போதுதான் முடிகிறது. தனியாக இருக்கிறவர்கள் கட்டாயம் வர வேண்டும்.

இப்போது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இது உடலுறவால் பரவுவது என்றதும் முகங்கள் மாறுகின்றன. பப் முடிவுத் துண்டில் “மீண்டும் வரவும்” என்று இருந்ததற்கே, வீட்டில் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சியவர்கள் உண்டு. வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தால் கேட்கவே வேண்டாம். எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்ற விசாரணை தொடங்கிவிடும். பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டில் பெண்தான் நிற்பாள்.

நன்றாகக் கேளுங்கள், தம்பிமாரும் கேளுங்கள். அந்த வைரஸ் எப்போது ஒட்டியது, யாரிடமிருந்து ஒட்டியது என்று உலகத்தில் எந்த ஆய்வுகூடத்தாலும் சொல்ல முடியாது. பல வருடம் சத்தமில்லாமல் கிடந்து பிறகு பரிசோதனையில் தெரியவரலாம். வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இருக்கலாம். உறவில் ஈடுபட்ட ஆண், பெண் பெரும்பாலோருக்கு ஒரு முறையாவது இது ஒட்டித்தான் இருக்கும். தோலோடு தோல் படுவதால் பரவுவது, ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுதாக மறிக்காது. ஆகவே அந்த முடிவுத் துண்டை வைத்துக்கொண்டு யாருடைய நடத்தையையும் அளக்க முடியாது. பொலிஸ் அறிக்கைபோல அதைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிற ஆண், தன் மனைவியை அடுத்த கிளினிக்குக்கு வரவிடாமல் செய்கிறார். அதற்குப் பெயர் மானம் என்றால் எனக்கு உடன்பாடு இல்லை.

வைரஸ் இருக்கிறது என்றால் புற்றுநோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அடுத்த கட்டமாகக் கொல்பொஸ்கோப் என்ற பெருக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். வினாகிரியில் இருக்கிற அசற்றிக் அமிலத்தைத்தான் ஐதாக்கித் தடவுவார்கள், மாறிய கலங்கள் வெள்ளையாகத் தெரியும். தேவையென்றால் அந்தச் சிறு பகுதியை மட்டும் எடுத்துவிடுவார்கள். கருப்பை அப்படியே இருக்கும், பிள்ளையும் பெறலாம். முற்றிப் போனால்தான் பெரிய சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை எல்லாம்.

தடுப்பூசியைப் பற்றி. 2017இலிருந்து பாடசாலையில் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். “இந்த வயதிலா?” என்று தாய்மார் முகம் சுளிக்கிறீர்கள். வைரஸ் ஒட்டுவதற்கு முன் போட்டால்தான் பலன், அதனால்தான் இந்த வயதில். பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்பது கட்டுக்கதை. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். ஊசி போட்டதும் சில பிள்ளைகள் பயத்தில் மயங்கும், அதற்காகக் கால்மணி நேரம் உட்கார வைப்பார்கள். ஊசி எல்லா வகைகளையும் மறிக்காது, அந்தப் பிள்ளையும் 35இல் கிளினிக்குக்கு வரத்தான் வேண்டும்.

தம்பிமாருக்கு ஒன்று. எச்.பி.வி. 16 ஆண்களின் தொண்டையிலும் புற்றுநோய் கொண்டுவரும். ஆனால் நம் ஊரில் வாய்ப் புற்றுநோய்க்கு நீங்கள் வைரஸைத் தேட வேண்டாம், பொக்கற்றில் இருக்கிற பாக்கையும் புகையிலையையும் பாருங்கள். சிகரெட் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் ஒரு துணைக் காரணம்.

கிளினிக் நாள் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் பகுதி மிட்வைஃப் சொல்லுவா. 35 தாண்டி இன்னும் போகாதவர்கள், 45 என்று கடைசி வரைக்கும் இழுக்காமல், இந்த மாதமே கேளுங்கள். கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்க முடியாதவர்கள் தேத்தண்ணி நேரத்தில் வாருங்கள், நான் பின்பக்க அறையில் இருப்பேன்.