கடல் பக்கமிருந்து வோகன்

நேயர்களுக்கு வணக்கம்.

நார்வே வரைபடத்தில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி மேலே போனால், கரையிலிருந்து பிரிந்து தென்மேற்காகக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு தீவு வரிசை கண்ணில் படும். அதுதான் லொஃபோத்தன். அதன் கிழக்குப் பகுதியில் இருக்கும் நகராட்சி வோகன். ஔஸ்த்வோகோயா தீவின் தென்பகுதி, யிம்சோயா, ஸ்க்ரோவா, இரண்டு மொல்லா தீவுகள், ஹின்னோயா என்ற பெருந்தீவின் ஒரு மூலை ஆகியவை சேர்ந்தது. ஸ்வோல்வேர் நகரம், பழைய வோகன், யிம்சோய், பக்கத்து ஹட்செலைச் சேர்ந்த ரஃப்ட்சுண்ட் கரை ஆகியவற்றை 1964இல் இணைத்ததால் இன்றைய எல்லை அமைந்தது. மக்கள்தொகை பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இ10 நெடுஞ்சாலையில் காரோட்டி வருகிறார்கள். படகில் ஏறாமலே பெருநிலத்திலிருந்து லொஃபோத்தனுக்கு வர வழி பிறந்தது 2007 டிசம்பரில்தான். இங்குள்ள ஊர்களுக்கோ பல நூறு வயது. சாலையிலிருந்து பார்த்தால் அவை ஏன் இப்படிப் பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கின்றன என்பது விளங்காது. கடல் பக்கமிருந்து பார்த்தால் ஒவ்வோர் ஊருக்கும் காரணம் தெரியும். அதனால் இந்த உரையிலும் அந்தப் பக்கமிருந்தே ஊருக்குள் நுழைகிறேன்.

தீவு வரிசைக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கும் அகன்ற கடல் வெஸ்ட்ஃபியோர்டு. வடக்கே பேரண்ட்ஸ் கடலில் வளர்ந்த காட் மீன், பருவத்துக்கு வந்ததும் முட்டையிட இங்கே வருகிறது. ஜனவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை கூட்டம் கூட்டமாக வரும். அதற்கு வேண்டியது 4 முதல் 6 டிகிரி வரை வெப்பமுள்ள தண்ணீர். குளிர்காலத்தில் மேலே குளிர்ந்த கரையோர நீரும் கீழே இளஞ்சூடான அட்லாண்டிக் நீரும் இருக்கும். இரண்டும் கலக்கும் இடைப்பட்ட அடுக்கில் மீன் நிற்கும். அந்த அடுக்கு ஓராண்டு மேலேயும் ஓராண்டு ஆழத்திலும் அமைவதால், வலையை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதே இங்குள்ள மீனவருக்கு முதல் கணக்கு. ஆழம் தப்பினால், அடியில் மீன் குவிந்திருந்தாலும் வலை வெறுமையாகத்தான் மேலே வரும். காட் மீனின் முட்டை அடியில் தங்காமல் மேலே மிதக்கும் என்பதை 1860களில் யோர்க் ஓசியன் சார்ஸ் என்ற அறிஞர் கண்டறிந்ததும் லொஃபோத்தன் கடலில்தான். பொரித்த குஞ்சுகளை நீரோட்டம் மறுபடி வடக்கே கொண்டுபோய்விடும்.

துடுப்பும் பாயும் மட்டும் இருந்த காலத்தில், விடியலில் போய் இருட்டுமுன் திரும்பக்கூடிய தூரத்தில் மீன் நிற்க வேண்டும். தென்மேற்குக் காற்று திடீரென எழுந்தால் உடனே ஒதுங்க ஒரு துறையும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்த இடத்தில்தான் ஊர் எழுந்தது. வோகனின் பழைய ஊர்களில் பெரும்பாலானவை வெஸ்ட்ஃபியோர்டைப் பார்த்தே நிற்பது இதனால்தான்.

அவற்றில் மூத்தது கபெல்வோக். அதையடுத்த ஸ்டோர்வோகனில் இடைக்காலத்தில் ஒரு சந்தை நகரமே இருந்தது. வட நார்வேயில் நகரம் என்று சொல்லத்தக்க முதல் குடியிருப்புகளில் அது ஒன்று. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் ஓய்ஸ்டைன் இங்கே ஒரு தேவாலயமும், வெளியூர் மீனவர் தங்கக் குடில்களும் கட்டுவித்தார். அவருடைய சிலை கபெல்வோகில் நிற்கிறது. பின்னாளில் கிரீன்லாந்துக்குச் சமயப்பணிக்குப் போன ஹான்ஸ் எகெடெ, 1707 முதல் 1718 வரை இங்கேதான் குருவாக இருந்தார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் மரத்தாலான பெரிய தேவாலயம் ஒன்று தெரியும். 1898இல் கட்டியது. 1,200 பேர் உட்காரலாம். சிற்றூருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கோயில் என்று தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன் பருவத்துக்கு லொஃபோத்தன் முழுவதுமாக 30,000 மீனவர்களுக்கும் மேல் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காகக் கட்டிய கட்டடம் அது.

அத்தனை பேரும் தங்கியது ரோர்பு எனப்படும் குடில்களில். பாதி பாறைமேலும் பாதி கடல்மேல் ஊன்றிய மரக்கால்கள்மேலும் நிற்கும் சிவப்பு வீடுகள் அவை. இங்கே கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சராசரி 2 மீட்டர் வேறுபாடு உண்டு, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். கால்களின் உயரம் அந்தக் கணக்கில் அமைந்தது. எந்த நேரத்திலும் படகை வாசலுக்குக் கீழே கட்டி, மீனையும் வலையையும் நேரே மேலே ஏற்றிவிடலாம். இன்று இவற்றில் பல சுற்றுலா விடுதிகள். உள்ளே இருந்த அடுக்குப் படுக்கைகளையும் வலை உலர்த்திய மேல்தளத்தையும் ஸ்டோர்வோகன் அருங்காட்சியகத்தில் பழையபடி பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களுக்குப் போவதே சரியான வரிசை.

குடிலும் துறையும் ஊர் உடைமையாளருடையவை. அவரிடம் குடில் வாடகைக்கு எடுத்தவர் மீனையும் அவருக்கே விற்க வேண்டியிருந்தது. 1816ஆம் ஆண்டுச் சட்டம் கடலைக்கூடத் துண்டு துண்டாக்கி, அந்தந்தக் கரைக்கு உரியவர் கையில் கொடுத்தது. எங்கே வலை போடுவது என்பதே அவர் தயவாகிப்போனது. 1857இல் வந்த சட்டம்தான் கடலை மறுபடி எல்லாருக்கும் பொதுவாக்கியது. லொஃபோத்தன் வரலாற்றில் இதைவிடப் பெரிய விடுதலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கபெல்வோகிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் ஸ்வோல்வேர். 1918இல் நகர உரிமை பெற்ற, நகராட்சியின் தலைமை ஊர். துறைமுக வாயிலில் கடலை நோக்கிக் கையசைக்கும் மீனவர் மனைவியின் சிலை, பெர் உங் என்ற சிற்பி செய்தது. ஊருக்கு மேலே, ஃப்ளோயா மலைச்சரிவில், இரட்டைக் கொம்போடு ஒரு பாறைத்தூண் நிற்கும். அதன் பெயர் ஸ்வோல்வேர்யெய்தா, ஸ்வோல்வேர் வெள்ளாடு. 1910இல் மூன்று நார்வே மலையேறிகள் முதன்முதலாக அதன் உச்சியைத் தொட்டார்கள். ஒரு கொம்பிலிருந்து மற்றதற்குத் தாவுவது இங்கே பெயர்பெற்ற துணிச்சல். இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான், ஆனால் போய் இறங்கும் கொம்பு தாழ்வாகவும் குறுகலாகவும் இருக்கும். கயிறும் வழிகாட்டியும் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

மேற்கே, வோககாலன் என்ற 942 மீட்டர் மலையின் அடியில் ஹென்னிங்ஸ்வேர். பெருநிலத்திலிருந்து வெஸ்ட்ஃபியோர்டைக் கடந்து வந்த படகுகளுக்கு அந்த மலைதான் திசைக்குறி. ஊர் பல சிறு தீவுகளின் மேல் பரவியிருக்கிறது. மீன் நிற்கும் மேட்டுக்கு இவ்வளவு அருகே வேறு துறை இல்லாததால், நல்ல தண்ணீரும் மண்ணும் இல்லாத பாறையிலும் ஊர் வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் பாலங்கள் வரும்வரை படகுதான் வழி.

இங்கே கட்டாயம் பார்க்க வேண்டியவை மீன் காயும் மரச்சட்டங்கள். நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இங்கே உப்பு ஒரு துளியும் கிடையாது. குளிர்காற்று ஒன்றே வேலை செய்கிறது. தலையை வெட்டி, குடலெடுத்துக் கழுவிய மீனை, ஒத்த அளவாக இரண்டிரண்டாக வாலில் கட்டிக் கழியின் குறுக்கே தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் ஏற்றியதை மே மாதத்துக்குப் பிறகு இறக்குவார்கள். அதற்குப் பின்னும் இரண்டு மூன்று மாதம் கூரைக்கடியில் காற்றோட்டமாக வைத்துப் பதப்படுத்துவது உண்டு. ஒரு கிலோ உலர்மீனுக்கு நாலு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் ஆகும்.

இது இங்கே மட்டும் இவ்வளவு நன்றாக அமைவதற்குக் காரணம், குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்பதுதான். கடும் உறைபனி பிடித்தால் சதைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி நாரை உடைத்துவிடும். அப்படிப்பட்ட மீன் ஊறவைத்ததும் பஞ்சாகிவிடும். வெப்பம் ஏறினால் ஈ முட்டையிடும், புழு வைக்கும். மழை நீண்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மீன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஒட்டிய இடம் காயாமல் புளித்துப்போகும். இறக்கிய பிறகு தரம்பிரிப்பவர் ஒவ்வொரு மீனையும் கையிலெடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, மோந்து, ஏறத்தாழ இருபது தரமாகப் பிரிக்கிறார். உயர்ந்த தரம் இத்தாலிக்குப் போகும். தனியாகக் கோத்துக் காயவைத்த தலைகள் நைஜீரியாவுக்குப் போகும். சட்டங்களுக்கு அருகே நடக்கும்போது மீனைத் தொடாதீர்கள். அது அடுத்த வீட்டுச் சரக்கு.

இனி கிழக்கே. ஔஸ்த்வோகோயாவுக்கும் ஹின்னோயாவுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் நீளமுள்ள நீரிணை ரஃப்ட்சுண்ட். அதன் தென்வாயில் டிகெர்மூலன் என்ற சிற்றூர். ஊருக்கு மேலிருக்கும் மலைக்காட்சி ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மைக் கவர்ந்ததால், அந்த உச்சிக்கு அவர் நினைவாகவே பெயர். நீரிணையிலிருந்து மேற்கே பிளந்து போகிறது ட்ரோல்ஃபியோர்டு என்ற குறுகிய கடல் நீட்சி. நீளம் 2 கிலோமீட்டர், வாய் 100 மீட்டர் அகலம். இருபுறமும் மலைச்சுவர். கடலோரப் பயணக் கப்பல்கள் கோடையில் உள்ளே போய், நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பி வரும். குளிர்காலத்தில் பனிச்சரிவும் கல் உருளுவதும் உண்டு என்பதால் வாயிலோடு நிறுத்திக்கொள்ளும்.

1890 மார்ச்சில் இந்த ஃபியோர்டுக்குள் காட் மீன் அடைந்து நெருங்கிக் கிடந்தது. நீராவிக் கப்பல்காரர்கள் அதன் வாயை வளைவலையால், அதாவது மீனைச் சுற்றி வளைக்கும் பெரிய வலையால், அடைத்துவிட்டு, உள்ளே போகப் பணம் கேட்டார்கள். திறந்த படகு மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, கப்பல்கள்மேல் ஏறி, கைகலந்து வழியைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் லொஃபோத்தன் மீன்பிடிப்பில் அந்த வகை வலையைத் தடைசெய்தது. ஸ்வோல்வேரில் பிறந்த ஓவியர் குன்னார் பெர்க் தீட்டிய அந்தச் சண்டையின் ஓவியம் ஊரின் நகர மன்றத்தில் இருக்கிறது. ட்ரோல்ஃபியோர்டுக்குப் படகேறும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தக் குறுகிய வாய் எவ்வளவு எளிதில் அடைபடும் என்பது பிறகு நேரில் விளங்கும்.

ஸ்க்ரோவா திமிங்கில வேட்டையால் பெயர்பெற்ற தீவு. ஸ்வோல்வேரிலிருந்து கப்பல் உண்டு. ப்ரெட்டெஸ்னெஸ் மொல்லா தீவுகளுக்கு எதிரே இருக்கும் ஊர். 1941 மார்ச் 4 அன்று பிரிட்டிஷ் கமாண்டோக்கள் ஸ்வோல்வேர், ஹென்னிங்ஸ்வேர், ப்ரெட்டெஸ்னெஸ், வோகனுக்கு வெளியே ஸ்தாம்சுண்ட் ஆகிய நான்கு ஊர்களில் இறங்கி மீன் எண்ணெய் ஆலைகளைக் கொளுத்தினார்கள். அந்த எண்ணெயிலிருந்து எடுக்கும் கிளிசரின் ஜெர்மனியின் வெடிமருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. திரும்பும்போது 300க்கும் மேற்பட்ட நார்வே இளைஞர்கள் அவர்களோடு கப்பலேறினார்கள்.

வடக்கே திறந்த கடலைப் பார்த்த பக்கத்தில் லௌக்விக், யிம்சோயாவின் ஹோவ் போன்ற சில ஊர்களே உண்டு. யிம்சோயாவில் தட்டை நிலமும் மேய்ச்சலும் இருப்பதால் அங்கே கால்நடையும் வாழ்வாதாரமாக இருந்தது. மே கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை நள்ளிரவிலும் அடையாத சூரியனைப் பார்க்க இந்த வடகரைக்குத்தான் வர வேண்டும். தெற்கே ஸ்வோல்வேரில் மலை மறைத்துவிடும். 1981இல் கட்டிய 839 மீட்டர் பாலத்துக்குக் கீழே யிம்சோய்ஸ்ட்ரௌமன் என்ற ஓட்டம் இருக்கிறது. சிறுபடகு வைத்திருப்பவர்கள் அதைக் கடக்குமுன் ஓத அட்டவணையைப் பாருங்கள். நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும்போது குறுகிய, செங்குத்தான அலை எழும். நீர் நின்று திரும்பும் சிறுபொழுதில் கடப்பதே பாதுகாப்பு.

காரில் வருகிறவர்களுக்கும் ஒன்று. ஹென்னிங்ஸ்வேருக்குப் பிரியும் சாலையும் அதன் பாலங்களும் குறுகியவை. ஒதுங்கு இடங்களில் எதிர் வண்டிக்கு வழிவிட வேண்டும், அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. மீன்பிடிப்பைப் பார்க்க ஆசைப்பட்டால் மார்ச்சில் வாருங்கள். மீன் சட்டங்கள் நிறைந்திருப்பதைப் பார்க்க ஏப்ரல். ஜூலையில் வந்தால் கழிகள் மட்டுமே நிற்கும்.

நன்றி, வணக்கம்.