ஒரு டர்ன் என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

டர்ன் பேஸ்டு ஆர்பிஜி, அதாவது டர்ன் எனப்படும் தன் முறை வரும்போது மட்டும் கதாபாத்திரங்கள் செயல்படும் வகை வீடியோ கேம்களில் எது மிக ஆழமானது என்று கேட்டால் பெரும்பாலும் எண்ணிக்கைதான் பதிலாக வரும். இதில் இத்தனை வகுப்புகள், அதில் இத்தனை மந்திரங்கள் என்பார்கள். ஒரு கேமில் நூறு மந்திரம் இருக்கலாம். அதில் தொண்ணூறு ஒரே காயத்தை வேறு வேறு வண்ணத்தில் கொடுத்தால் ஆடுகிறவருக்கு யோசிக்க என்ன மிஞ்சும்? அதனால் இந்த உரையில் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று. நம் கையில் வரும் ஒரு டர்னுக்கு அந்த கேம் என்ன விலை வைக்கிறது? அதைச் சம்பாதிக்க முடியுமா, தொலைக்க முடியுமா, எதிரியிடமிருந்து பிடுங்க முடியுமா?

1981இல் ஆப்பிள் டூ கணினியில் விசார்ட்ரி வந்தபோது இந்த விலை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. ஆளுக்கு ஒரு கட்டளை கொடுப்போம், எல்லாம் வரிசையாக நடக்கும், அடுத்த சுற்று தொடங்கும். 1986இல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்டும் அந்த வழியில்தான் போனது. அதற்குப் பிறகு வந்தவற்றில் இந்தக் கணக்கையே மாற்றியமைத்த சிலவற்றைப் பற்றி இன்று பேசுகிறேன்.

முதலில் அட்லஸ் நிறுவனம் 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு வெளியிட்ட ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன். அதன் சண்டை விதியை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். உங்கள் அணியில் கதாநாயகனும் அவனோடு சேர்ந்த பேய்களுமாக நான்கு பேர் நின்றால் திரை மூலையில் நான்கு குறிகள் தெரியும். சாதாரணமாக ஓர் அடி அடித்தால் ஒரு குறி போகும். எதிரியின் பலவீனத்தில் அடித்தாலோ, கிரிட்டிகல் எனும் பலத்த அடி விழுந்தாலோ அரைக் குறிதான் செலவு. தாயத்தில் காயை வெட்டினால் இன்னொரு ஆட்டம் கிடைப்பதுபோல. சரியாக ஆடினால் நான்கு குறியில் எட்டு முறை செயல்படலாம். தவறவிட்டாலோ, எதிரிக்கு ஏறாத தாக்குதலைப் போட்டாலோ இரண்டு குறி காலி. எதிரி அதை உறிஞ்சினாலோ திருப்பி அனுப்பினாலோ மிச்சக் குறிகள் மொத்தமும் போய்விடும். இதே விதி எதிரிக்கும் உண்டு. கேமின் முழு ஆழமும் அங்கேதான் இருக்கிறது.

இதைக் கற்றுக்கொடுக்கவே, 2004இல் வந்த விரிவாக்கப்பட்ட மேனியாக்ஸ் பதிப்பின் முற்பகுதியில் மட்டடோர் என்ற எலும்புக்கூட்டுக் காளைச் சண்டை வீரனை நிறுத்தியிருக்கிறார்கள். புதிதாக ஆடுகிறவர்களில் பலர் அவனிடம்தான் மாட்டுவார்கள். அவன் ரெட் கபோட் என்ற திறனைப் போட்டதும் அவனுடைய சுறுசுறுப்பு உச்சத்துக்கு ஏறிவிடும். பிறகு நீங்கள் வீசும் அடிகள் தவறும். இரண்டு அடி தவறினால் நான்கு குறியும் தீர்ந்தது, உங்கள் சுற்று முடிந்தது. லெவல் ஏற்றிக்கொண்டு வந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சண்டை அவனுடைய தாளத்திலேயே ஓடும்.

வழி வேறு இடத்தில் இருக்கிறது. அவனுடைய மசான் மந்திரம் அணி முழுவதையும் காற்றுவிசையால் அடிக்கும். காற்றுவிசைக்குப் பலவீனமான பேய் ஒன்று உங்களிடம் நின்றால் அவனுக்குக் கூடுதல் டர்ன் கொடுத்ததாகும். அதை முதலில் வெளியே எடுங்கள். காற்றுவிசை ஏறாத ஒருவர் அணியில் நின்றால், அந்த ஒரே மந்திரம் அவனுடைய குறிகளில் இரண்டைத் தின்றுவிடும். மகதாமா என்பது கதாநாயகனின் பலம், பலவீனங்களை மாற்றும் பொருள்; ஹிஃபுமி என்ற மகதாமாவை அணிந்தால் கதாநாயகனே அந்த ஆளாகிவிடுவான். அடுத்து சுகுகாஜா. நான்கு படிவரை அடுக்கக்கூடிய இந்த மந்திரம் நம் அடி தவறாமல் படும் திறனையும் விலகும் திறனையும் சேர்த்து ஏற்றும். முதல் இரண்டு சுற்றுகளை இதற்கே செலவழிக்கலாம். மிச்சமுள்ள உத்தி, டர்னைக் கடத்துவது. முழுக் குறி கையில் இருக்கும்போது ஒன்றும் செய்யாமல் அடுத்த ஆளுக்குக் கொடுத்தால் அரைக் குறிதான் போகும். தவறக்கூடிய ஓர் அடிக்கு இரண்டு குறியைப் பணயம் வைப்பதைவிட அது மலிவு. கதாநாயகன் விழுந்தால் மற்ற மூவர் உயிரோடு இருந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நாக்டர்னில் கோடு சுத்தமானது. ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் அப்படியல்ல, அது காடு. யசூமி மட்சுனோ இயக்கி 1997இல் வந்தது. 2025இல் தி இவாலிஸ் குரோனிக்கிள்ஸ் என்ற பெயரில் புதுப்பித்திருக்கிறார்கள். நான் சொல்லும் எண்கள் மூலப் பதிப்பினுடையவை.

இதில் சுற்று என்ற ஒன்றே கிடையாது. கடிகாரம் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொருவரின் வேகம் அவரவர் கணக்கில் சேரும். 100 ஆனதும் அவர் டர்ன். வேகம் 10 உள்ளவருக்கு 10 துடிப்பில் வரும், 8 உள்ளவருக்கு 13 துடிப்பு பிடிக்கும். இரண்டு புள்ளிதானே என்று தோன்றும். ஒருவருக்குப் பதின்மூன்று டர்ன் கிடைக்கும்போது மற்றவருக்குப் பத்துதான். டர்னில் நகர்ந்து, அடித்து, இரண்டையும் செய்தால் கணக்கில் 100 கழியும். ஒன்றை மட்டும் செய்தால் 80. சும்மா நின்றால் 60. ஆக, சும்மா நின்றவர் 40 மிச்சத்தோடு தொடங்குகிறார், வேகம் 10 என்றால் ஆறே துடிப்பில் திரும்ப வருவார். எட்டாத எதிரியை நோக்கி ஓடிப்போய் நடுவில் நிற்பதைவிடக் காத்திருப்பது பல நேரம் லாபம். அனுபவமில்லாதவர் தோற்பது பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான்.

மந்திரத்துக்கும் இதே கடிகாரம். ஃபயர் மந்திரத்தின் வேகம் 25, எனவே ஓதிய பின் நான்கு துடிப்பு கழித்துத்தான் தீ விழும். அதற்குள் எதிரிக்கு டர்ன் வந்தால்? கட்டத்தைக் குறி வைத்திருந்தால் அவன் விலகிவிடுவான், தீ வெறும் தரையில் விழும். ஆளைக் குறி வைத்திருந்தால் தீ அவனைத் துரத்தும். அவன் நேரே உங்கள் வைத்தியரின் பக்கத்தில் வந்து நின்றால் அவரும் சேர்ந்து வேகுவார். அதனால் ஓதுவதற்கு முன் மெனுவில் உள்ள டர்ன் வரிசைப் பட்டியலைத் திறந்து, மந்திரம் எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்ப்பது கட்டாயம்.

இதற்கு மேல் ஃபெய்த் என்ற எண். ஓதுகிறவரின் ஃபெய்த்தையும் வாங்குகிறவரின் ஃபெய்த்தையும் நூற்றுக்கு இவ்வளவு என்று பெருக்குவார்கள். இருவருக்கும் 70 என்றால் 49 விழுக்காடு பலம்தான் இறங்கும். குணப்படுத்தும் மந்திரத்துக்கும் இதே பெருக்கல். எனவே ஃபெய்த்தைக் குறைத்த வீரனுக்கு எதிரியின் மந்திரமும் ஏறாது, நம் மருந்து மந்திரமும் ஏறாது. அவனுக்குப் பாட்டிலில் உள்ள போஷன்தான் கதி. ஃபெய்த்தை மிக உயர்த்தினால் அந்த வீரன் படையை விட்டே போய்விடுவான்.

இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய கேமில் ஓட்டையும் பெரிது. கால்குலேட்டர் என்ற தொழில், லெவல் ஐந்தின் மடங்காக உள்ள எல்லாரும், உயரம் மூன்றின் மடங்காக உள்ள எல்லாரும் என்று நிபந்தனை சொல்லி, மந்திரச் செலவும் காத்திருப்பும் இல்லாமல் களம் முழுவதும் மந்திரம் போடும். கடிகாரத்தை நம்பிக் கட்டிய விளையாட்டில் கடிகாரத்தையே கழற்றிவிடுகிறது. வேடிக்கைக்கு ஒருமுறை செய்து பாருங்கள், முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள்.

போக்கிமோனைச் சிலர் சிறுவர் சமாச்சாரம் என்று ஒதுக்குவார்கள். கதைப் பகுதிக்கு அது பொருந்தலாம். இருவர் எதிரெதிரே ஆடும் இரட்டையர் போட்டியைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஆறு பேரைக் காட்டி, நான்கு பேரைத் தேர்ந்து, இரண்டிரண்டாக இறக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கட்டளையைப் பூட்டுவதால் எதிராளி என்ன செய்வார் என்று ஊகிப்பதே பாதி ஆட்டம். ஸ்கார்லெட், வயலெட் கேம்களில் ஒவ்வொரு போக்கிமோனுக்கும் பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510, வேகம், தாக்குதல் போன்ற ஒரு குணத்துக்கு உச்சவரம்பு 252. போட்டிகள் நடக்கும் 50ஆம் லெவலில் முதல் 4 புள்ளிக்கு அந்தக் குணம் ஒன்று கூடும், பிறகு ஒவ்வொரு 8க்கும் ஒன்று. இடையில் விடும் ஆறு ஏழு புள்ளி வீண். இரண்டு குணத்தில் 252 வீதம் கொட்டுவது சோம்பேறிக் கணக்கு. எந்த எதிரியை வேகத்தில் முந்த வேண்டும், எந்த அடியைத் தாங்கி ஓர் உயிர்ப் புள்ளியோடு நிற்க வேண்டும் என்று பார்த்து அந்த அளவுக்கு மட்டும் ஊற்றி, மிச்சத்தை வேறிடத்தில் போடுவார்கள் தேர்ந்தவர்கள்.

இங்கும் டர்னுக்குத்தான் அடிபிடி. டெயில்விண்ட் போட்டால் நான்கு டர்னுக்கு நம் பக்க வேகம் இரட்டிப்பு. டிரிக் ரூம் போட்டால் ஐந்து டர்னுக்கு மெதுவானவர் முதலில். இரண்டிலும் போட்ட டர்னும் கணக்கில் சேரும். அதனால்தான் எதிராளி, வரும் அடிகளைத் தடுக்கும் புரொடெக்ட் போட்டு ஒரு டர்னைக் கழிப்பார். அதையே அடுத்த டர்னிலும் போட்டால் பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். அந்தச் சூதாட்டத்தை எப்போது ஆடுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது.

பெல்ஜியத்து லேரியன் ஸ்டுடியோஸின் இரண்டு கேம்களை இங்கே பலர் ஆடியிருப்பீர்கள். 2017இல் வந்த டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2இல் டர்னுக்கு 4 செயல்புள்ளி, மிச்சம் பிடித்தால் 6 வரை சேரும். எல்லாருக்கும் உடற்கவசம், மந்திரக் கவசம் என இரண்டு. உடற்கவசம் தீர்ந்தால்தான் எதிரியைக் கீழே தள்ள முடியும், மந்திரக் கவசம் தீர்ந்தால்தான் உறையவைக்க முடியும். இருவர் வாளும் இருவர் மந்திரமும் என்று சமமாக அணி அமைத்தால் இரண்டு கவசத்தையும் அரைகுறையாகக் கிழித்துக்கொண்டிருப்பீர்கள். முதல் ஆட்டத்துக்கு மூன்று பேரையாவது ஒரே வகைக் காயத்தில் வைப்பது நல்லது. இன்னொன்று: டர்ன் வரிசையில் நம் ஆளும் எதிரி ஆளும் மாறி மாறி வருவார்கள். ஆகவே வரிசையில் முந்தவைக்கும் விட்ஸ் புள்ளியை ஒருவருக்குக் கொட்டி முதல் அடியை வாங்கிக்கொண்டால் போதும், நால்வருக்கும் போடுவது வீண்.

2023இன் பால்டர்ஸ் கேட் 3 இருபது முகப் பகடையில் நடக்கிறது. 11 விழ வேண்டிய அடிக்கு வாய்ப்பு 50 விழுக்காடு. அட்வான்டேஜ் கிடைத்து இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்தால் 75. பிளெஸ் மந்திரம் மூன்று பேருக்கு நாலுமுகப் பகடையைச் சேர்க்கும், சராசரி இரண்டரை. ஆளுக்குப் பன்னிரண்டரை விழுக்காடு கூடுகிறது என்று பொருள். ஆனால் பிளெஸ் கான்சென்ட்ரேஷன் கேட்கும், ஒருவர் ஒரு நேரத்தில் அப்படிப்பட்ட ஒரு மந்திரத்தைத்தான் பிடித்திருக்கலாம், அடிபட்டால் அது கலையவும் கூடும். இதெல்லாம் நல்ல அமைப்பு. பலவீனம் ஓய்வில் இருக்கிறது. நடுத்தரக் கடினத்தில் 40 உணவுப் பொருள் கொடுத்தால் மந்திரமெல்லாம் திரும்ப வந்துவிடும், உணவோ வழியெங்கும் கொட்டிக்கிடக்கும். சிக்கனம் தேவைப்படாத இடத்தில் டர்னின் விலை இறங்கத்தானே செய்யும்? அதைவிடக் கடினமான டாக்டிஷியன் நிலையில் 80 கேட்பார்கள். அங்கிருந்து ஆடுவதே சரி.

பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸ் பற்றிக் கேட்பீர்கள். கதாபாத்திரத்தைச் செதுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சண்டையின் முடிவு பாதி அந்தச் செதுக்கும் திரையிலேயே தீர்ந்துவிடுகிறது. 2025இன் எக்ஸ்பெடிஷன் 33 அழகான வேலை. விரல் நேரம் சரியாக விழுந்தால் எந்த அடியையும் தடுக்கலாம் என்பதால் இந்த அளவுகோலுக்குள் அது வராது.

என் தீர்ப்பைக் கேட்டால், மனிதரோடு மோத போக்கிமோன், தனியாக ஆட டாக்டிக்ஸ். அதைத் தொடங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலப் பதிப்பில் ரியோவேன்ஸ் கோட்டையில் அடுத்தடுத்து மூன்று சண்டைகள். இடையில் சேவ் செய்ய விடுவார்கள், வரைபடத்துக்குத் திரும்ப விடமாட்டார்கள். இரண்டாவது சண்டையில் கதாநாயகன் ராம்சா தனியாக வீக்ராஃப் என்ற எதிரியோடு மோத வேண்டும். ஒரே சேவ் இடத்தில் மேலெழுதினால் வலுவில்லாத ராம்சாவோடு அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள். கோட்டைக்குள் நுழையும் முன் தனி இடத்தில் ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். கெமிஸ்ட் தொழிலில், அடிபட்டதும் தானாகப் போஷன் குடிக்கவைக்கும் ஆட்டோ போஷன் கற்று ராம்சாவுக்கு மாட்டுங்கள். அது கையிருப்பில் மட்டமான போஷனைத்தான் முதலில் எடுக்கும், எனவே சாதா போஷன்களையும் ஹை போஷன்களையும் விற்றுவிட்டு எக்ஸ் போஷன் மட்டும் பையில் வைத்திருங்கள்.

நன்றி, வணக்கம்.