மாத்திரை வாசல் வரை வரும்

நடுவர் அவர்களே, வணக்கம். ரத்தக் கொதிப்பை அடக்கி வைப்பது மாத்திரையா, வீட்டாரின் கவனிப்பா என்பது இன்றைய வழக்கு. மாத்திரை இல்லாமல் பிரஷர் இறங்குமா என்று எதிரணி அம்மையார் கேட்டார். பலருக்கு இறங்காதுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த மாத்திரை தினமும் வாய்க்குள் போவது யாரால் என்பதுதான் என் கேள்வி.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததிலிருந்து பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அருமையான திட்டம். ஆனால் வாசல் தாண்டினால் அது வீட்டார் பொறுப்பு. என் அப்பாவுக்கு 160 இருந்த அளவு 130க்கு இறங்கியது. "அதான் சரியாயிடுச்சே" என்று அவராகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டதால்தான் இறங்கியது என்று அவருக்குத் தோன்றவில்லை. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வெளியே தெரியாது. அட்டையில் மாத்திரை குறையவே இல்லையே என்று கண்டுபிடித்தது அம்மா.

"உப்பைக் குறைங்க" என்று டாக்டர் ஒரு வரியில் முடித்துவிடுவார். நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார அமைப்பு. கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்க வேண்டும். முதலில் அப்பாவுக்கு மட்டும் தனிக் குழம்பு வைத்தோம். தன்னை ஒதுக்கி வைத்ததுபோல் தட்டைத் தள்ளிவிட்டார். அப்புறம் வீடு முழுக்க ஒரே குழம்பு, ஒரே குறைந்த உப்பு. மிளகும் எலுமிச்சையும் கைகொடுத்தன. மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

அளவு பார்ப்பதிலும் அப்படித்தான். மாடியேறி வந்த கையோடு பட்டையைச் சுற்றினால் கூடத்தான் காட்டும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேச்சில்லாமல் பார்க்க வேண்டும். பார்த்ததை நோட்டில் எழுதுவது என் தங்கை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை பிரஷரை ஏற்றிவிடலாம் என்று கேட்டு வந்து தடுத்ததும் அவள்தான்.

பிரஷர் அடங்காவிட்டால் பக்கவாதம் வரலாம். நடுராத்திரியில் வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை என்றால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்று டாக்டர் கேட்பார். நடுவர் அவர்களே, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் படுத்திருந்தவர்தான்.