டாக்டர் காலேஜ் இல்லாத இடத்தில் நர்சிங் படிக்கலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன பேச்சுக்கு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்கு நாளாக இந்த ஒரு கேள்வி என்னை விடவே இல்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்கள். "ஐயா, எங்களுக்குத் தெரிந்த ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இதுவரை கலை, அறிவியல், இன்ஜினியரிங்தான் இருந்தது. இப்போது நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி எல்லாம் ஆரம்பிக்கிறார்கள். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நர்சிங் சேர்க்கலாமா? வேலூர் சி.எம்.சி. மாதிரி முதலில் டாக்டர் காலேஜ் வந்து, அதற்குப் பிறகு நர்சிங் வந்தால்தானே படிப்பு நன்றாக இருக்கும்? டாக்டர் காலேஜே இல்லாத இடத்தில் நர்சிங் மட்டும் எப்படி?"

அம்மா, உங்கள் கேள்வியில் ஒரு தவறு இருக்கிறது. அது எல்லோர் மனதிலும் இருக்கிற தவறு, அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. வேலூரில் நர்சிங் பிறகு வரவில்லை. நர்சிங்தான் முதலில் வந்தது. நர்சிங் பள்ளி ஆரம்பித்தது 1909-ல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆரம்பித்தது 1918-ல். ஒன்பது வருடம் நர்சிங் மூத்தது.

அந்த இரண்டுக்கும் முன்னால் இருந்தது எது? தொடர்ந்து பார்க்கிறவர்கள் இந்நேரம் பதிலைச் சொல்லியிருப்பீர்கள். ஒரு கட்டில். நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: கட்டில் முதலில், வகுப்பு பிறகு. இன்றும் அதையேதான் சொல்லப் போகிறேன், ஆனால் இந்தத் தடவை நர்சிங் பக்கத்திலிருந்து.

வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் கதையைப் பழைய பேச்சில் விரிவாகச் சொல்லிவிட்டேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனரி டாக்டரின் மகள். இந்த ஊரில் இருக்கவே கூடாது, அமெரிக்காவுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த இளம்பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள் தனித்தனியாக வந்து கதவைத் தட்டுகிறார்கள். மூவருக்கும் மனைவி பிரசவ வலியில் கிடக்கிறாள். அப்பா டாக்டர், ஆனால் ஆண், அதனால் வேண்டாம் என்கிறார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்து பார்த்தால் மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அவர் அமெரிக்கா போய்ப் படித்து 1899-ல் டாக்டராகி, அடுத்த வருடமே வேலூரில் வந்து இறங்கினார். அப்போது அவரிடம் இருந்தது ஒரே ஒரு படுக்கை.

இங்கே கவனியுங்கள். அந்த ஒரு படுக்கைக்கும் ஒரு டாக்டர் மட்டும் போதவில்லை. வீட்டு வேலைக்கு உதவியாக இருந்த சலோமி என்ற பெண்ணைக் கூப்பிட்டு, இதைப் பிடி, இதைக் கழுவு, இந்தக் காயத் துணியை இப்படிச் சுற்று என்று ஐடா சொல்லிக்கொடுத்தார். வேலூரின் முதல் நர்சிங் வகுப்பு என்று நான் அதைத்தான் சொல்வேன். கரும்பலகை கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. ஒரு நோயாளி, ஒரு ஆசிரியை, ஒரு மாணவி.

1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது. 40 படுக்கை. அது வந்ததும் சலோமி ஒருத்தியால் சமாளிக்க முடியாமல் போய்விட்டது. அந்த நெருக்கடியிலிருந்துதான் 1909-ல் நர்சிங் பள்ளி பிறக்கிறது. டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸ் அதை நடத்தினார். 'நர்சிங்குக்கு நல்ல மவுசு இருக்கிறது, நாமும் ஒன்று ஆரம்பிப்போம்' என்று யாரும் அங்கே உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. படுக்கைகள் கேட்டன, பள்ளி வந்தது.

நர்சிங் ஏன் கிறிஸ்தவ நிறுவனங்களில் இவ்வளவு வேரூன்றியது என்று சிலர் முன்பே கேட்டிருக்கிறீர்கள். அடுத்தவருடைய மலம், சளி, ரத்தம், சீழ், பிரசவத் துணி, இதையெல்லாம் தொடுகிற வேலையை அன்றைய சமூகம் தீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்தது. நல்ல குடும்பத்துப் பெண் செய்யக்கூடாத வேலை என்றார்கள். அதைத் தொண்டு என்று சொல்லிக் கையில் எடுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியார் 1836-ல் பெண்களுக்கு நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி ஆரம்பித்தார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851-ல் அங்கே போய்த்தான் பழகினார். அவர் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1860-ல். பள்ளியை எங்கே வைத்தார் பாருங்கள், ஆஸ்பத்திரிக்குள்ளே.

சரி, வேலூருக்கு வருவோம். 1946-ல் அங்கே பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு வந்தது, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ். இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டம் என்ற பேச்சே அப்போதுதான் ஆரம்பம். அதே வருடம் டெல்லியிலும் ஒரு கல்லூரி. எம்.பி.பி.எஸ். வேலூரில் வந்தது 1942-ல். பட்டப்படிப்பில் மட்டும் டாக்டர் நான்கு வருடம் முந்திக்கொண்டார். ஆனால் 1946 வந்தபோது 37 வருடமாக நர்சுகள் அங்கே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள். பட்டம் புதிது, வார்டு பழையது.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. என் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் துணைக்கு இருந்தேன். காலையில் நர்சிங் மாணவிகள் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டில் பயிற்சிக்கு, வருவார்கள். அதில் ஒரு பெண், முதல் வருடம்தான் இருக்கும், பதினெட்டு வயது. அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அந்தப் பெண் வேகமாக வந்து போர்வையை விலக்கித் தோளில் கை வைத்தாள். பக்கத்தில் நின்ற சிஸ்டர் மெதுவாக, "முதலில் அவரிடம் சொல்லு, பிறகு தொடு" என்றார்.

"பேச மாட்டாரே சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண்.

"அவருக்குக் காது கேட்கும்."

அந்தப் பெண் குனிந்து, "தாத்தா, உங்களை வலது பக்கம் திருப்பப் போகிறேன், பயப்படாதீங்க" என்றாள். நாங்கள் நான்கு பிள்ளைகள். ஒரு வாரமாக அப்பாவைத் தூக்கினோம், துடைத்தோம், சட்டை மாற்றினோம். ஒருவர்கூட அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிஸ்டர் முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பது எப்படி என்று காட்டினார். குதிகாலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார், அங்கே லேசாகச் சிவந்திருந்தது. "விரலால் அழுத்து. எடுத்ததும் வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் ஆரம்பிக்கிறது." அந்தப் பெண் அழுத்தினாள். வெளுத்தது. சின்ன நோட்டில் நேரத்தைப் போட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடம்தான். ஆனால் அந்தப் பாடத்தை எந்த வகுப்பறையில் நடத்த முடியும்?

இன்னொரு இடத்துக்கும் ஒரு முறை போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். உறவுக்காரப் பெண்ணைச் சேர்ப்பதற்காக விசாரிக்கப் போனோம். பளபளவென்று கட்டிடம். நர்சிங் லேப் என்று ஒரு ஏ.சி. அறை. நோயாளி மாதிரி டம்மி பொம்மையைக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவே இல்லை. ஆரம்பித்து எத்தனை வருடம் என்று கேட்டேன். மூன்றாவது பேட்ச் என்றார்கள். போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று பேட்ச் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா கட்டிய பணம், நாளைக்கு அந்தப் பிள்ளைகள் கைக்குப் போகப்போகிற நோயாளிகள், இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

பொம்மையில் பழகுவது தப்பில்லை. ஊசி போடுவதை முதலில் பொம்மையில் பழகத்தான் வேண்டும். ஆனால் பொம்மை வெட்கப்படாது, வலிக்கிறது என்று கையைத் தட்டிவிடாது, "என் பையன் வந்துட்டானா?" என்று கேட்காது.

பிசியோதெரபி, மற்ற ஹெல்த் சயின்ஸ் படிப்புகள் பற்றியும் கேட்டீர்கள். அதுவும் இப்படித்தான் வளர்ந்தது அம்மா. பால் பிராண்ட் என்ற சர்ஜன் வேலூரில் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். வேறு வேலை செய்துகொண்டிருந்த ஒரு தசைநாரை எடுத்து விரல்களோடு இணைப்பார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, கை சரியாகிவிடுமா? ஆகாது. அந்தத் தசைக்குப் பழைய வேலைதான் தெரியும். புது வேலையை அதற்குப் பழக்க வேண்டும், தினமும், பொறுமையாக, பக்கத்தில் உட்கார்ந்து. சர்ஜனால் அது முடியாது. பிசியோதெரபிஸ்ட் என்ற ஆள் அங்கேதான் தேவைப்படுகிறார்.

பிறகு மேரி வர்கீஸ். அவரைப் பற்றி எத்தனை தடவை பேசினாலும் எனக்குப் போதாது. அங்கேயே படித்த இளம் டாக்டர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்காவுக்குப் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, அந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கட்டிலில் கிடந்தவரே அந்தத் துறையை உண்டாக்கியிருக்கிறார். கட்டில் முதலில் என்று நான் ஏன் இப்படிப் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி மாதிரிப் படிப்புகளை முறைப்படுத்த 2021-ல்தான் தனிச் சட்டமே வந்தது, துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதுவரை லேப் டெக்னீசியனுக்கும் ரேடியாலஜி டெக்னீசியனுக்கும் நர்சிங் கவுன்சில் மாதிரி நாடு முழுவதற்கும் ஓர் அமைப்பு இல்லை. புதிய இடங்கள் ஆரம்பிப்பது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. சி.எம்.சி.யும் வேலூரோடு நிற்கவில்லை. சித்தூரில் வளாகம் இருக்கிறது, 2022-ல் ஐடா பிறந்த அதே ராணிப்பேட்டையில் புதிய வளாகம் திறந்தார்கள். அங்கேயும் பாருங்கள், ஆஸ்பத்திரிதான் முன்னால் நிற்கிறது.

ஆகவே அம்மா, 'டாக்டர் காலேஜ் இருக்கிறதா' என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. 'படுக்கை எங்கே, அதன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப் போவது யார்?' இதைக் கேளுங்கள். டாக்டர் காலேஜ் இல்லாவிட்டாலும் நல்ல ஆஸ்பத்திரி ஒன்று சொந்தமாக இருந்து, அதில் நிஜமாகவே நோயாளிகள் படுத்திருந்தால், நர்சிங் படிப்பு அருமையாக இருக்கும். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கே அதுதான். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் இருக்க வேண்டும், பத்து மாணவிகளுக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும். கட்டிடத்தின் சதுர அடியைப் பார்க்கும் முன் இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள்.

ஆசிரியர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டிடத்தை ஒரு வருடத்தில் கட்டிவிடலாம். "முதலில் சொல்லு, பிறகு தொடு" என்று சொல்லத் தெரிந்த ஒரு சிஸ்டர் உருவாக இருபது வருடம் ஆகும். அப்படிப்பட்டவர்களை நல்ல சம்பளம் கொடுத்து, மரியாதை கொடுத்து வைத்துக்கொள்கிற இடம்தான் நர்சிங் கல்லூரி. நன்றாகப் படிப்பு முடித்தவர்களை எல்லாம் வளைகுடாவும் இங்கிலாந்தும் அழைத்துக்கொள்கின்றன. போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் அனுப்புகிற பணத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் இங்கே வகுப்பு எடுக்க ஆள் வேண்டுமே. நேற்றுப் பட்டம் வாங்கியவரே இன்று டியூட்டர் என்றால், அவர் எதைச் சொல்லிக்கொடுப்பார்?

மகளுக்கு விருப்பம் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதையும் கேட்டுவிடுங்கள். விருப்பம் என்றால், அவளையும் அழைத்துக்கொண்டு ஒரு சாதாரண வேலை நாளில், அட்மிஷன் ஆபீசுக்குப் போகாமல், அவர்கள் சொல்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். காலை எட்டு மணிக்குப் போங்கள். நைட் டியூட்டி நர்ஸ் காலை டியூட்டி நர்சிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லி ஒப்படைக்கிற நேரம் அது. பார்வையாளர் நேரம் இல்லை என்று வார்டுக்குள் விட மாட்டார்கள், பரவாயில்லை. வராந்தாவில் உட்காருங்கள். படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா, மாணவிகள் வந்து இறங்குகிறார்களா, அவர்களோடு வயதில் மூத்த சிஸ்டர் ஒருவர் உள்ளே போகிறாரா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.