பத்து சென்ட் நிலமும் கௌரியம்மாவும்

எல்லாருக்கும் வணக்கம். கேரள அரசியல்னு பேச்செடுத்தா நம்ம ஊர்ல ஈ.எம்.எஸ்., அச்சுதானந்தன், பினராயின்னு பேரு டக்குடக்குனு வரும், அங்க நிலச் சட்டம் கொண்டு வந்த மந்திரி கே.ஆர்.கௌரியம்மா பேரு மட்டும் வராது. தெரிஞ்சவங்களும் "பாவம், சி.எம். ஆகியிருக்க வேண்டியவங்க"ன்னு உச்சுக் கொட்டிட்டு போயிடுறாங்க. எனக்கு அது பெரிய வருத்தம். அவங்க செஞ்ச வேலையைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்குறாங்களே, அதான் இன்னிக்கு நான் பேச வந்தேன்.

1919ல சேர்த்தலை பக்கத்துல பட்டணக்காட்டுல ஈழவ குடும்பத்துல பொறந்தாங்க. சட்டம் படிச்சு வக்கீல் ஆனாங்க. 1946ல அவங்க ஊர்ப் பக்கத்துலயே புன்னப்பிரா வயலார்ல போராடுன தொழிலாளிங்களை திருவிதாங்கூர் சமஸ்தானப் படை சுட்டுக் கொன்னுச்சு, அதுக்கப்புறம்தான் இவங்க கம்யூனிஸ்ட் கட்சிக்கு வர்றாங்க, ஜெயிலு, போலீஸ் அடின்னு எல்லாத்தையும் பாத்தாங்க.

1957 ஏப்ரல் 5 ஈ.எம்.எஸ். மந்திரிசபை பதவி ஏத்துக்குது. இவங்க ரெவின்யூ மந்திரி, வயசு 37. 11ஆம் தேதியே ஒரு அவசரச் சட்டம் வருது, யாரையும் நிலத்தை விட்டோ குடிசையை விட்டோ காலி பண்ணக் கூடாதுன்னு. எதுக்கு இவ்ளோ அவசரம்னா, நிலச் சட்டம் வரப்போகுதுன்னு தெரிஞ்சாலே ஜன்மிங்க, அதாவது நிலச் சொந்தக்காரங்க, முந்திக்கிட்டு குத்தகைக்காரனை வெளிய தள்ளிடுவாங்க, அப்புறம் சட்டம் வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

குடிகிடப்புன்னு அங்க சொல்லுவாங்க. ஜன்மியோட தோப்பு ஓரத்துல ஒரு ஓலைக் குடிசை, உள்ள ஒரு குடும்பம், அவர் கூப்பிட்ட நேரத்துக்கு ஓடணும், கூலி கூட கேட்டாலோ சங்கத்துல சேர்ந்தாலோ குடிசையைப் பிரிச்சுட்டு கெளம்புன்னு சொல்லிடலாம், அப்ப சட்டி பானையோட புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ரோட்டுலதான் நிக்கணும், கேக்க நாதி கிடையாது.

1959ல நிலச் சட்டம் சட்டசபைல பாஸ் ஆச்சு, ஆட்சியை எதிர்த்து விமோசன சமரம்னு ஒரு போராட்டம் நடந்துச்சு, அதைக் காரணம் காட்டி ஜூலை 31ல மத்திய அரசு ஆட்சியையே கலைச்சுடுச்சு. விட்டாங்களா அந்தம்மா? 1967ல திரும்ப ரெவின்யூ மந்திரியா வந்து 1969ல திருத்தச் சட்டத்தைக் கொண்டு வந்துட்டாங்க. 1970 ஜனவரி 1ல அது அமலுக்கு வந்தப்போ ஆட்சி அச்சுத மேனன் கைக்குப் போயிருந்துச்சு, அவர் சி.பி.ஐ., இவங்க சி.பி.எம்., அதனால பேரு யாருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை. 1964ல கம்யூனிஸ்ட் கட்சி இப்படி சி.பி.ஐ., சி.பி.எம்.னு ரெண்டா உடைஞ்சப்போதான் வீட்டுக்காரர் டி.வி.தாமஸ் அந்தப் பக்கமும் இவங்க இந்தப் பக்கமும் ஆகி குடும்பமே பிரிஞ்சுது.

அந்தச் சட்டத்துல குத்தகை முறையே ஒழிஞ்சுது. குடிசைக்காரங்களுக்கு பஞ்சாயத்துன்னா 10 சென்ட், முனிசிபாலிட்டின்னா 5, பெரிய டவுன்னா 3 சென்ட், அதுக்கு அவங்க குடுக்க வேண்டியது மார்க்கெட் விலையில கால்வாசிக்கும் மேல கிடையாது. பத்து சென்ட்ல என்ன வரும்னு கேக்காதீங்க, நாலு தென்னை வைக்கலாம், ஆடு கட்டலாம், முக்கியமா நாளைக்கு கூலி கேட்டு நின்னா எவனும் வீட்டைப் பிரிக்க முடியாது!

குறையும் இருக்கு, சொல்லியே ஆகணும். குத்தகைக்காரனுக்கு வயல் கிடைச்சுது, வயல்ல இறங்கி வேலை செஞ்ச தலித் ஜனங்களுக்கு பெரும்பாலும் அந்தக் குடிசை மனைதான். டீ, ரப்பர் தோட்டத்தையெல்லாம் தொடவே இல்ல.

1987 தேர்தல்ல கேரளத்தை கௌரி ஆளட்டும்னு ஊரெல்லாம் கோஷம், ஜெயிச்சப்புறம் சி.எம். ஆனது அதே கட்சியோட ஈ.கே.நாயனார். தொழில் மந்திரியா இவங்க இருந்தப்போதான் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ங்கிற ஐ.டி. பூங்கா ஆரம்பிச்சுது. 1994ல கட்சியை விட்டு நீக்குனாங்க, 75 வயசை நெருங்கும்போது ஜே.எஸ்.எஸ்.னு சொந்தக் கட்சி ஆரம்பிச்சாங்க.

1990கள்ல இன்னொண்ணு நடந்துச்சு. ஆதிவாசிங்க பறிகொடுத்த நிலத்தைத் திருப்பிக் குடுக்கணும்னு 1975லயே சட்டம் இருக்கு, அதை நீர்த்துப் போக வைக்க ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒண்ணா கை தூக்குறாங்க, எதிர்த்து நின்னது கௌரியம்மா மட்டும்தான். ஒத்த ஆளா!

ஆனா 2003 பிப்ரவரியில வயநாடு முத்தங்கால நிலம் கேட்ட ஆதிவாசிங்க மேல போலீஸ் சுட்டப்போ காங்கிரஸ்காரர் ஆண்டனியோட மந்திரிசபைல இவங்க விவசாய மந்திரி. அந்த ஒத்தை ஓட்டு போட்டவங்க அன்னிக்கே பதவியைத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கணும்னுதான் நான் நினைக்கிறேன், அவங்க மேல இருக்கிற மரியாதையில சொல்றேன். 2021 மே மாசம் 101 வயசுல போய்ச் சேர்ந்தாங்க. ஆதிவாசி நிலம் இன்னும் முழுசா திரும்பல.